மும்பை மழைக்குத் தாங்குற பை, ஷூ, சட்டை: எதைப் பாத்து வாங்கறது?

முலுண்ட்_புதுசு

வணக்கம். ஜூன் பிறக்கறதுக்குள்ள வாங்கி முடிக்கணும், அதான் இப்பவே கேக்கறேன். வீடு முலுண்ட், ஆபீஸ் லோயர் பரேல். தாதர்ல வண்டி மாறிப் போகணும்னு சொன்னாங்க. லேப்டாப் பை, ஷூ, மழைக்கோட்டு அல்லது குடை, நாலஞ்சு சட்டை பேன்ட், ஒரு பெல்ட். கையில 15,000 ரூபாய். நாலஞ்சு வருஷமாவது வரணும். பிராண்ட் பேரெல்லாம் வேண்டாம். கடையில நின்னு எதைத் தொட்டுப் பாக்கணும், எதை இழுத்துப் பாக்கணும்னு சொல்லுங்க.

கடைசி_லோக்கல்

முதல்ல ஒண்ணு. தாதர்ல மாறாதீங்க. ஸ்லோ வண்டியில ஏறினா கரி ரோட்ல நேரா இறங்கலாம், அங்கேருந்து லோயர் பரேல் நடக்கற தூரம். பாஸ்ட் வண்டி அங்க நிக்காது. தாதர் பாலத்து நெரிசல் எந்தப் பைக்கும் நல்லதில்ல.

இனி பை. துணி கிழிஞ்சு வீணாப்போன பை ரொம்பக் கம்மி. போறது மூணு இடம்: தோள்பட்டை வார் பையோட சேர்ற வேர், ஜிப்போட ரன்னர், உள்பக்கத் தையல் ஓரம்.

லோக்கல் ரயில்ல பையை முன்பக்கம் மாட்டுவீங்க. அப்ப வார் அது தைக்கப்பட்ட திசைக்கு எதிரா இழுபடும், பக்கத்துல நிக்கறவர் வேற இழுப்பார். அதனால வாரோட நுனி பையோட முதுகுத் துணிக்குள்ள புகுந்து, ரெண்டு வரிசைத் தையலும் நடுவுல பெருக்கல் குறி மாதிரி குறுக்குத் தையலும் வாங்கியிருக்கணும். மேலாப்புல ஒரே வரிசை ஓட்டியிருந்தா கீழ வெச்சிடுங்க. பைக்குள்ள கையை விட்டு அந்த இடத்தைத் தடவினா இன்னொரு பட்டைத் துணி தட்டுப்படணும். தட்டுப்படலன்னா வேருக்குப் பின்பலம் இல்லைன்னு அர்த்தம்.

அடுத்து, லைனிங்ல சின்ன ஜிப் இருந்தா திறந்து உள்ளே பாருங்க. துணியோட வெட்டின ஓரம் நூல் நூலா தொங்குதா, இல்ல நாடா வெச்சுக் கட்டியிருக்கா? தையலுக்கும் வெட்டு ஓரத்துக்கும் நடுவுல ஒரு சென்டிமீட்டராவது இருக்கணும். அரை சென்டிமீட்டர் விட்டு நாடாவும் கட்டாத பை, லேப்டாப்பும் டப்பாவும் சேர்ந்து இழுக்கறப்ப ஓரத்திலேருந்து பிரியும். அங்க திரும்பத் தைக்கத் துணியே மிச்சம் இருக்காது.

முலுண்ட்_புதுசு

நன்றி அண்ணே. 1680 டெனியர்னு போட்ட பை ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். 600 டெனியரை விட அது மூணு மடங்கு உழைக்குமா?

கடைசி_லோக்கல்

அப்படிக் கணக்குப் போட முடியாது. டெனியர்ங்கறது 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடைங்கறது, அவ்வளவுதான். நூல் தடிமனைச் சொல்லும், நெசவு நெருக்கத்தையோ தையலையோ சொல்லாது. நல்லா தைச்ச 600 டெனியர் பாலியஸ்டர், மோசமா தைச்ச 1680-ஐத் தாண்டி ஓடும். அதே எண்ணுக்கு நைலான் பாலியஸ்டரை விட உராய்வு தாங்கும். ஆனா வெயில்ல கிடந்தா நைலான்தான் முதல்ல பலம் இழக்கும். ரயில் ரேக் கம்பியில தினம் உரசப்போகுதுன்னா அடிப்பாகம் மட்டும் தடிப்பா இருந்தா போதும்.

துணியைவிட அதோட உள்பூச்சை கவனிங்க. துணியோட பின்பக்கத்தை நகத்தால சுரண்டுங்க. வெள்ளைப் பொடி உதிர்ந்தா ரெண்டு மழைக்குள்ள அது தோல் உரிஞ்சு லேப்டாப் மேல ஒட்டும்.

ஜிப்: பிரதான அறைக்கு 8 அல்லது 10 நம்பர் காயில் ஜிப் (சுருள் பல் வெச்சது, நம்பர் பெரிசானா பல்லும் பெரிசு). நம்பர் பெரும்பாலும் ரன்னரோட முதுகிலேயே அச்சா இருக்கும். 5 நம்பர் முன்பாக்கெட்டுக்குப் போதும். ஜிப் மூடினப்புறம் பின்னாடியே வாய் பிளந்தா பல் போச்சுன்னு நினைக்காதீங்க. முக்கால்வாசி நேரம் ரன்னரோட பின்வாய் தேய்ஞ்சு அகலமாயிருக்கும். குறடால ரெண்டு பக்கமும் துளித் துளியா அமுக்கினா கொஞ்ச காலம் ஓடும். ஒரேயடியா அமுக்கினா ரன்னர் உடையும். அப்புறம் அதே நம்பர், அதே வகை ரன்னர் வாங்கி மாத்தணும். ஜிப் நுனியில நாலு தையலைப் பிரிச்சு, பழசை உருவி, ரெண்டு நாடாவையும் சமமா நுழைச்சு, திரும்பத் தைக்கறது பத்து நிமிஷ வேலை. சில பை தைக்கறவங்க முழு ஜிப்பும் மாத்தணும்பாங்க. பல்லு நல்லா இருந்தா ஒத்துக்காதீங்க.

ரசாயனக்_குடுவை

பையின் உள்பூச்சு பற்றி மேலே சொன்னதுதான் ஷூவுக்கும் அடிப்படை. இந்த ஊரில் பொருட்கள் தேய்ந்து போவதைவிட ஈரக்காற்றில் இற்றுப் போவது அதிகம். முதல் குற்றவாளி பாலியூரித்தேன், கடைக்காரர் மொழியில் பி.யு.

ஷூ அடிப்பாகத்துக்குப் பயன்படும் பி.யு. பெரும்பாலும் எஸ்டர் வகை. காற்றிலுள்ள ஈரம் அந்த எஸ்டர் பிணைப்புகளை மெல்ல வெட்டுகிறது. இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் வேகம் கூடும். நடந்தாலும் நடக்காவிட்டாலும் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். கல்யாணத்துக்கென்று பெட்டியில் பத்திரப்படுத்திய ஷூ, எடுத்து மாட்டிய அன்றே அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிர்வது இதனால்தான். ஈதர் வகை பி.யு. இதைத் தாங்கும், ஆனால் கடையில் நின்று வகை பிரிக்க முடியாது.

அடையாளம்: பார்வைக்குத் தடிமனாக இருந்தும் எடை குறைவு, வெட்டுமுகத்தில் நுண்ணிய குமிழ்கள். வளையும் இடத்தில் மெல்லிய கீறல் இருந்தாலோ, கட்டைவிரல் நகம் அழுத்திய தடம் நிரந்தரமாக நின்றாலோ அது ஏற்கெனவே முதுமை அடைந்த சரக்கு. தள்ளுபடி விலையில் கிடைக்கும் பழைய இருப்பை இதற்காகவே சந்தேகிக்க வேண்டும். பெட்டியில் தயாரிப்பு மாதம் அச்சாகியிருக்கும், பாருங்கள். ரப்பர், டி.பி.ஆர். (ரப்பர் போன்ற பிளாஸ்டிக்), ஈ.வி.ஏ. (இலேசான நுரை) மூன்றுக்கும் இந்த நோய் இல்லை. ஈ.வி.ஏ. அமுங்கித் தட்டையாகும், ஆனால் பொடியாகாது.

பாதுகாப்பு ஷூ வாங்கினால் பல வருஷம் வரும் என்று சிலர் நினைக்கிறார்கள். அதிலுள்ள ஐ.எஸ். 15298 என்ற இந்தியத் தர முத்திரை முக்கியமாக விரல் கவசம் 200 ஜூல் அடி தாங்குமா போன்ற பாதுகாப்புச் சோதனைகளுக்கானது. அதன் அடிப்பாகமும் பல நேரம் பி.யு.தான்.

தாராவி_தோல்கடை

சார் சொல்றது நூத்துக்கு நூறு சரி. உதிர ஆரம்பிச்ச பி.யு. மேல எந்த மோச்சியும் (செருப்பு தைக்கறவர்) ஒட்டுப் போட முடியாது. பசை பொடியைத்தான் பிடிக்கும், ஷூவைப் பிடிக்காது. மொத்தத்தையும் சுரண்டி எடுத்துட்டு ரப்பர் அடி போடணும். மேல்தோல் நல்ல தோலா இருந்தாத்தான் அந்தச் செலவு தகும்.

ரப்பர் அடியும் பசையில மட்டும் நிக்குதான்னு பாருங்க தம்பி. பசை அடின்னா புதுசிலேயே சுத்திக் கையால தையல் போட்டுக்கோங்க, ஸ்டேஷன் வாசல் மோச்சி போடுவாரு. ஒரே நிபந்தனை, அடி ஓரம் கிண்ணம் மாதிரி மேல ஏறியிருக்கணும், ஊசி அதுவழியா மேல்தோலைப் பிடிக்கணும். விட்டுப்போன அடியை ஒட்டறப்ப ரெண்டு பக்கமும் உப்புத்தாள் போட்டு உரசி, பழைய பசையை எடுத்து, புதுசைப் பூசி 10, 15 நிமிஷம் காயவிட்டு, சூடு காட்டி, அழுத்தணும். ஈர ஷூவைக் கொண்டுபோய் நின்னுக்கிட்டே ஒட்டச் சொன்னா ஒரு வாரம்கூட வராது.

இப்ப தோல். தாராவியில தோல் பதனிடற வேலை பெரும்பாலும் எப்பவோ வெளியே போயிடுச்சு. இங்க முக்கியமா வெட்டறதும் தைக்கறதும்தான். பதனிட்ட தோல் நம்ம ராணிப்பேட்டை, ஆம்பூர், சென்னைப் பக்கமிருந்தும் கான்பூர், கொல்கத்தாவிலேருந்தும் வருது. சயான் பாந்த்ரா லிங்க் ரோட்ல காலா கில்லா பக்கம் வரிசையா கடை இருக்கு. எல்லாத்துலயும் "ஜெனுயின் லெதர்"னு முத்திரை இருக்கும், அதை நம்பி வாங்காதீங்க. அடித்தோலை உரிச்சு மேல பிளாஸ்டிக் பூசினதும் அந்த முத்திரையிலதான் வருது.

வெட்டு ஓரத்தைப் பாருங்க. நார் நாரா, மேல நெருக்கமா, கீழ போகப்போக தளர்வா இருந்தா முழுத்தோல். அட்டை மாதிரி ஒரே சீரா இருந்தா தோல்தூளை அரைச்சு ஒட்டினது, அது ஒரு மழையில ஊதும். ஓரத்துக்குப் பெயின்ட் அடிச்சு மறைச்சிருந்தா பெல்ட் ஓட்டை வழியா பாருங்க, அங்க பெயின்ட் போகாது. மணத்தை நம்பாதீங்க, மணம் பாட்டில்லயே விக்குது. தண்ணி சொட்டு சோதனையும் முழுசா நம்பறதுக்கில்ல. நல்லா பாலீஷ் ஏத்தின அசல் தோலும் தண்ணியைக் குடிக்காது.

பெல்ட்டுதான் இருக்கறதிலேயே சுலபம். எருமைத்தோல், ஒரே துண்டு, மூன்றரையிலிருந்து நாலு மில்லி தடிமன், நடுவுல ஒட்டு இருக்கக் கூடாது. ரெண்டு மெல்லிய தோலை ஒட்டி ஓரம் தைச்சது வேர்வையில வாய் பிளக்கும். பக்கிள் திருகாணி வெச்சதா கேளுங்க, பக்கிள் போனா மாத்திக்கலாம். பித்தளையான்னு காந்தம் வெச்சுப் பாக்கறதுல பிரயோஜனமில்ல, ஜிங்க் கலவையும் காந்தத்துல ஒட்டாது. பின்பக்கம் ஊசியால லேசா கீறுங்க. மஞ்சளா தெரிஞ்சா பித்தளை, சாம்பலா தெரிஞ்சா ஜிங்க். ஜிங்க்னா முலாம் உரியும்.

முலுண்ட்_புதுசு

அப்ப மழைக்காலத்திலயும் தோல் ஷூவே போட்டுக்கலாமா? மெழுகு தடவினா போதும்னு ஒருத்தர் சொன்னார்.

தாராவி_தோல்கடை

தடவிட்டுத் தூறல்ல போகலாம்.

கடைசி_லோக்கல்

தூறலா? ஜூலை மாசத்துல, மழைத்தண்ணி தேங்கற ஹிந்த்மாதா பக்கம் வந்து பாருங்க அண்ணாச்சி. முழங்கால் தண்ணியில மெழுகு என்ன பண்ணும்? தையல் ஓட்டை வழியா தண்ணி ஏறி, உள்ள அட்டை ஊறி, குதிகால் கோணிக்கும். தோல் ஷூவை ஆபீஸ் மேஜைக்கடியிலேயே வெச்சிடுங்க. போக வர ஸ்ட்ராப் செருப்பு.

தாராவி_தோல்கடை

அதுவும் சரிதான். ஆபீஸ்ல வெக்க இடமிருந்தா அதுதான் உத்தமம்.

ரசாயனக்_குடுவை

அந்தச் செருப்பிலும் கவனிக்க ஒன்று உண்டு. பட்டை, அடிப்பாகத்தின் ஓரத்தில் ஒட்டப்பட்டதா, உள்ளே நுழைந்து அடுக்குகளுக்கு நடுவே போய் முடிகிறதா என்று பாருங்கள். ஓரத்தில் ஒட்டியது பிய்த்துக்கொள்ளும். தரையைத் தொடும் அடுக்கு ரப்பராக இருக்கட்டும், வெறும் ஈ.வி.ஏ. அடி ஈரமான பிளாட்பாரக் கல்லில் வழுக்கும். மூடிய கம்பூட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் வெளியேற வழியில்லை, நாள் முழுக்க கால் அதில் ஊறும்.

வீட்டுக்கு வந்ததும் சோப்பு போட்டுக் கழுவி விரலிடுக்கைத் துடைத்துக் காயவிடாவிட்டால் சேற்றுப்புண் வரும். காலில் வெட்டோ கொப்புளமோ இருந்து தேங்கிய தண்ணீரில் நடந்திருந்தால் எலிக்காய்ச்சல் அபாயம் உண்டு. 72 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்த்து, தடுப்பு மருந்து தேவையா என்று கேளுங்கள். மாநகராட்சியும் மழைக்காலத்தில் இதைத்தான் அறிவிக்கிறது.

குடைக்கம்பி

கோட்டு, குடை பத்தி யாருமே பேசலையே.

லோக்கல்ல போறவருக்குக் குடைதான். நனைஞ்ச கோட்டோட கூட்டத்துல ஏறினா சுத்தி இருக்கறவங்க சபிப்பாங்க. "காத்துப் போகிற துணி"ன்னு சொல்லி விலை ஏத்தின கோட்டு இந்த ஊருக்கு வீண். உள்ள இருக்கற வேர்வை ஆவி வெளியே போகணும்னா வெளிக்காத்து உள்ளைவிட வறண்டு இருக்கணும். ஜூலை மும்பையில வெளியவும் ஈரம்தான், ஆவி எங்க போகும்? பைக் ஓட்டறவங்களுக்கு மட்டும் கோட்டு அவசியம். அவங்க பாக்க வேண்டியது, கவட்டியில தையல் இருக்கா, அது மேல உள்பக்கமா டேப் ஒட்டியிருக்கா. சீட்டுல தண்ணி தேங்கி, மேல ஆள் எடை அழுத்தினா ஊசி ஓட்டை வழியாத்தான் முதல்ல நுழையும். கோட்டை ஈரத்தோட மடிச்சா பூச்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் பிசுபிசுக்கும். இஸ்திரி போடவே கூடாது.

குடைக் கம்பியில மூட்டுகளை எண்ணுங்க. மூணு மடிப்புக் குடையில ஒவ்வொரு கம்பிக்கும் மூட்டு ஜாஸ்தி, ஒவ்வொரு மூட்டும் துருப்பிடிக்கற ஒரு ரிவிட். ரெண்டு மடிப்புல கம்மி, நீளக் குடையில இன்னும் கம்மி. நீளக் குடையை ரயில்ல மறந்துட்டு இறங்கறவங்க ஜாஸ்தி, அதனால உங்களுக்கு ரெண்டு மடிப்புன்னு சொல்வேன். "பைபர் கம்பி"ன்னு எழுதியிருக்கும், ஆனா பாதிக் குடையில நுனித்துண்டு மட்டும்தான் பைபர், உள்துண்டு மெல்லிய தகரம். காத்துல வளையறது அந்தத் தகரம்தான். விரிச்சு, கம்பியோட முழு நீளத்தையும் விரலால தடவிப் பாருங்க. பட்டனை அழுத்தினா விரியறது சரி. விரியறதும் மடங்கறதும் பட்டன்லயேன்னா வேண்டாம், அந்த ஸ்பிரிங் போனா யாராலயும் சரிபண்ண முடியாது.

முதல்ல விடறது துணியைக் கம்பியோட கட்டின நூல் முடிச்சு. வாங்கின அன்னிக்கே எல்லாக் கம்பியிலயும் நுனியில ஒண்ணு, மூட்டுல ஒண்ணு, நைலான் நூல்ல கூடுதலா முடிச்சுப் போட்டுடுங்க. வீட்டுல பாதி விரிச்சு வெச்சுக் காயவிடுங்க.

2005 ஜூலை 26-ல சாந்தாக்ரூஸ்ல ஒரே நாள்ல 944 மில்லிமீட்டர் கொட்டுச்சு. அந்த மாதிரி மழைக்கு எந்தச் சாமானும் கிடையாது, வீட்டுலயோ ஆபீஸ்லயோ இருந்துடறதுதான். சாதாரண ஜூலை நாளுக்கு வாங்குங்க.

கடைசி_லோக்கல்

குடை பிடிச்சாலும் பையோட பின்பாதி நனையும். உறை போட்டாலும் முதுகுப்பக்கம் மூடாது, சட்டை வழியா வழியற தண்ணி உறையோட அடியில குளமா தேங்கும். உறையோட அடியில சின்ன ஓட்டை இருக்கான்னு பாருங்க, இல்லாட்டி ஒண்ணு போட்டுடுங்க. லேப்டாப்பைத் தடி பாலித்தீன் கவர்ல போட்டு, வாயை மூணு சுத்து மடிச்சு உள்ள வைங்க. "வாட்டர் ப்ரூப் பை"ன்னு விக்கறதுல துணிதான் தண்ணி விடாது, ஜிப்பும் ஊசி ஓட்டையும் விடும்.

மாட்டுங்கா_தையல்

துணிமணி என் பக்கம். ரெடிமேட் எடுக்காம மங்கள்தாஸ் மார்க்கெட்ல துணி எடுத்துத் தைச்சுக்கறதுதான் தம்பி என் யோசனை. தையல் பிரிச்சுப் பெரிசாக்கலாம், சின்னதாக்கலாம், கிழிஞ்சா மிச்சத் துணி கையில இருக்கும்.

58 இஞ்ச் பன்னா (அகலம்) துணின்னா முழுக்கை சட்டைக்கு 1.60 மீட்டர், பேன்ட்டுக்கு 1.20-லிருந்து 1.30. ஆள் வாட்டசாட்டம்னா சட்டைக்கு 1.80. காட்டன் சட்டைன்னா தைக்கறதுக்கு முன்னாடி ராத்திரி முழுக்க தண்ணியில ஊறவெச்சுக் காயப்போட்டுட்டுக் குடுங்க. மீட்டருக்கு 3லிருந்து 5 சென்டிமீட்டர் சுருங்கும், அதைத் தைக்கறதுக்கு முன்னாடியே சுருங்க விட்டுடணும். காலர் பக்ரமையும் (காலர் விறைப்பா நிக்க உள்ள வெக்கற துணி) நனைக்கச் சொல்லுங்க. துணி சுருங்கி பக்ரம் சுருங்காம போனா காலர் அலை அலையா நிக்கும். இஸ்திரி வெச்சு ஒட்டற பக்ரம் வெந்நீர் துவைப்புல விட்டுக் குமிழ் குமிழா வரும், அதை யாராலயும் திருத்த முடியாது. தைக்கற பக்ரம் கேளுங்க. காலர் மடிப்பு தேய்ஞ்சா பிரிச்சுப் புரட்டித் தைச்சா சட்டைக்கு இன்னொரு ரெண்டு வருஷம் உயிர் வரும். ரெண்டு பக்கமும் ஒரே துணியா இருக்கணும், அவ்வளவுதான்.

பேன்ட்டுக்கு நாலு விஷயம் சொல்லி வாங்குங்க. பின் நடுத்தையல்ல ரெண்டு பக்கமும் முக்கால் முக்கால் இஞ்ச் உள்ள விடணும். கால் மடிப்புல ரெண்டு இஞ்ச். பாக்கெட்டுக்கு மல்லுத் துணி போடாம டிரில் துணி போடணும், சாவி முதல்ல கிழிக்கறது பாக்கெட்டைத்தான். கவட்டியில நாலு தையல் சேர்ற இடத்துல உள்பக்கமா கை அகலத்துக்கு அதே துணியில ஒட்டு. மின்ரயில் படியில ஏறி இறங்கறவருக்கு முதல்ல விடறது அந்த இடம்தான்.

ஸ்ட்ரெச் துணி எடுக்காதீங்க. அதுல இருக்கற ரப்பர் நூல் சூட்டுலயும் பிளீச்லயும் அறுந்து முட்டி பை மாதிரி தொங்கும். மழைக்காலத்துக்கு மட்டும் ரெண்டு சட்டை பாலியஸ்டர் கலந்தது இருக்கட்டும், சுத்தக் காட்டன் அந்த மாசங்கள்ல காயறதே இல்ல. சின்னக் கிழிசல்னா உடனே ரஃபூக்காரர்கிட்ட (நூலால இழை பின்னிக் கிழிசலை அடைக்கறவர்) குடுங்க, நூல் பிரிஞ்சு ஓட்டை அகலமாயிட்டா ரஃபூ தெரியும்.

செம்பூர்_அத்தை

காயப்போடறது பத்தி நான் ஒரு வார்த்தை. வீட்டுக்குள்ள கொடி கட்டறப்ப துணிக்குத் துணி நாலு விரல் இடைவெளி விடணும், பேன் காத்து நேரா அது மேல படணும். மெஷின்ல ரெண்டாவது தடவை வெறும் ஸ்பின் மட்டும் போட்டு எடுங்க, காயற நேரம் பாதியாகும். துவைச்ச துணி மெஷினுக்குள்ளயே ராத்திரி கிடந்தா அந்த முடை நாத்தம் மறுபடி துவைச்சாத்தான் போகும். வாசனை லிக்விட் ஊத்தி மறைக்காதீங்க, அது துணி மேல படலமா உக்காரும், துண்டு தண்ணியை உறிஞ்சாது, மழைக்கோட்டுல பட்டா தண்ணி வழியாம ஊற ஆரம்பிக்கும்.

முலுண்ட்_புதுசு

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. 15,000-ஐ எப்படிப் பிரிக்கலாம்? ஆபீஸ்ல வெக்கற தோல் ஷூ ஒருநாள் தப்பித்தவறி நனைஞ்சா என்ன பண்ணணும்?

தாராவி_தோல்கடை

பாதிக்கு மேல ஷூவுக்கும் பைக்கும் போடுங்க. அப்புறம் தையல் துணி. குடைக்கும் பெல்ட்டுக்கும் மிச்சம் போதும். தீபாவளிக்கு முன்னாடி வர்ற ஷூ தள்ளுபடிக்குக் காத்திருக்காதீங்க, சார் சொன்ன பழைய சரக்கு அப்பத்தான் வெளிய வரும்.

நனைஞ்சா லேஸை உருவி, நாக்கை வெளியே இழுத்து, உள்அட்டை கழண்டு வந்தா எடுத்துடுங்க. செய்தித்தாளைக் கசக்கித் திணிங்க, ஒரு மணி நேரத்துல எடுத்துட்டு வேற திணிங்க, ராத்திரிக்குள்ள மூணு நாலு தடவை மாத்துங்க. ஷூவைப் பக்கவாட்டுல படுக்க வைங்க, அடியிலயும் காத்துப் படணும். வெயில், ஹேர் டிரையர், இஸ்திரிப் பெட்டி எதுவும் வேண்டாம், சூடு பட்ட ஈரத்தோல் சுருங்கி வெடிக்கும். முழுசா காய ரெண்டு நாளாகும். காஞ்சப்புறம் கிரீம் பாலீஷ் தடவுங்க, மெழுகு பாலீஷ் அதுக்கு மேல. பச்சையா பூஞ்சை படிஞ்சிருந்தா வினிகரும் தண்ணியும் சம அளவு கலந்து துணியில தொட்டுத் துடைச்சு, மறுபடி காயவிட்டு, அப்புறம் கிரீம். பூஞ்சை மேலயே பாலீஷ் போட்டா அது கீழ வளரும்.

லேஸ் மட்டும் ரெண்டு ஜோடி கூடுதலா வாங்கி வைங்க. மெழுகு ஏத்தின காட்டன் லேஸ் கேளுங்க. வழவழன்னு இருக்கற நைலான் லேஸ் கரி ரோடு படியில இறங்கறப்பவே அவுந்துக்கும்.